சின்ன ஒயினரியின் சார்டனே பெஹாலா வரை வருவது ஏன் கஷ்டம்?

வேலைக்காக கொல்கத்தாவின் பெஹாலாவில் தங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாசிக் டூரில் ஒரு சின்ன ஒயினரியின் சார்டனே உங்களுக்குப் பிடித்துப்போகிறது. திரும்பி வந்து டைமண்ட் ஹார்பர் சாலைக் கடையில் கேட்டால், “அப்படி ஒரு பிராண்டா?” என்கிறார்கள். ஒயின் நன்றாக இருந்தும் ஏன் கிடைப்பதில்லை?

சார்டனேவில் என்ன ஸ்பெஷல்?

இது பிரான்ஸின் பர்கண்டி பகுதியைச் சேர்ந்த வெள்ளைத் திராட்சை ரகம். இதற்கென்று தூக்கலான வாசனை கிடையாது. அதனால் மண், வெயில், தயாரிப்பவரின் முடிவுகள் எல்லாமே சுவையில் தெரிந்துவிடும். ஓக் பீப்பாயில் வைத்தால் வெனிலா வாசம் வரும். அதிலுள்ள மாலிக் அமிலத்தை பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றினால் வெண்ணெய் வாசம் வரும்.

சின்ன தயாரிப்பாளரால் சாதிக்க முடியுமா?

முடியும். 1976-ல் பாரிஸில் லேபிளை மறைத்து ஒரு ருசிப் போட்டி நடந்தது. வெள்ளை ஒயின்களில் பர்கண்டிகளைத் தாண்டி முதலிடம் பிடித்தது, கலிஃபோர்னியாவின் சாட்டோ மான்டெலீனா 1973 சார்டனே. அதைத் தயாரித்த மைக் கர்கிச், குரோஷியாவிலிருந்து குடியேறியவர். அடுத்த ஆண்டே பங்குதாரருடன் சொந்த ஒயினரி தொடங்கினார்.

போட்டியை நடத்திய ஸ்டீவன் ஸ்பரியர் பின்னாளில் இந்தியாவுக்கும் வந்தார். சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் இயங்கும் ஃபிராட்டெல்லி நிறுவனத்தோடு சேர்ந்து ஒயின் உருவாக்கினார்.

அப்போ தடை எங்கே?

மது, அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஜிஎஸ்டிக்குள்ளும் வராது. ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் தனி வரி, தனி அனுமதி. நம்ம ஊரில் மொத்த விற்பனை, சில்லறை இரண்டுமே டாஸ்மாக்கிடம். மேற்கு வங்கத்தில் கடைகள் தனியாருடையவை. ஆனால் 2017 முதல் மொத்த விற்பனை மாநில அரசின் பானங்கள் கழகம் வழியாகத்தான்.

இதோடு லேபிள் பதிவும் உண்டு. பல மாநிலங்களில் ஒவ்வொரு லேபிளுக்கும் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும்.

சிம்பிளா ஒரு கணக்கு

பர்கண்டி பீப்பாய் ஒன்றின் கொள்ளளவு 228 லிட்டர். அதாவது சுமார் 300 பாட்டில். பதிவுச் செலவு 1 லட்சம் ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 10,000 பாட்டில் அனுப்பும் பெரிய நிறுவனத்துக்கு ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய்தான் கூடும். 50 பாட்டில் அனுப்பும் சின்னவருக்கோ 2,000 ரூபாய். அவர் அந்த மாநிலத்தையே விட்டுவிடுவார்.

ஆன்லைனில் வாங்கலாமே?

கொல்கத்தாவில் 2020-லேயே ஆப் மூலம் மது டெலிவரி வந்துவிட்டது. ஆனால் உள்ளூர் கடையில் இருக்கும் சரக்குதான் உங்கள் வீட்டுக்கு வரும். மகாராஷ்டிர ஒயினரி நேரடியாக அனுப்ப முடியாது.

இதே பிரச்சினை அமெரிக்காவிலும் இருந்தது. நேரடி விற்பனையில் உள்மாநில ஒயினரிக்கு அனுமதி, வெளிமாநில ஒயினரிக்குத் தடை என்று பாகுபாடு காட்டக் கூடாது என 2005-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் சின்ன ஒயினரிக்காரர்களும் இருந்தார்கள்.

இங்கே என்ன மாறலாம்?

விற்கும் பாட்டில் எண்ணிக்கைக்கு ஏற்ப பதிவுக் கட்டணம் வைத்தாலே சின்னவர்களுக்கு வழி பிறக்கும். அதுவரை ஒயினரிக்குப் போனால், “எந்தெந்த மாநிலத்தில் லேபிள் பதிவு இருக்கிறது?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் எடுத்து வருவதற்கும் கலால் வரம்பு உண்டு, மறக்க வேண்டாம்.

(மேற்கு வங்கத்தில் மது வாங்கக் குறைந்தபட்ச வயது 21. மது உடல்நலத்துக்குக் கேடு.)