வேண்டா மருந்தின் விலை

பெனிசிலின் முதலான நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் எண்ணிறந்த உயிர்களைக் காத்தமை யாவரும் அறிந்ததே. ஆயின், மருத்துவமனைகளில் அவற்றை வேண்டாதவிடத்தும் வழங்குவதால் நேரும் செலவை நாம் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

சளியும் சாதாரண இருமலும் பெரும்பாலும் வைரஸ் கிருமிகளால் வருவன. அவற்றுக்கு இம்மருந்துகள் பயன்படா. அறுவைச் சிகிச்சை முடிந்த பின்னரும், தொற்றைத் தடுக்கவென்று இவற்றை நாட்கணக்கில் நீட்டிக்கலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவுறுத்தியது. நீட்டித்தால் வீணாவது மருந்து மட்டுமன்று. ஒரே பூச்சிமருந்தை ஓயாது தெளித்த வயலில் அதற்கு அஞ்சாத பூச்சியே மிஞ்சுமன்றோ? கிருமிகளின் செய்தியும் அதுவே. அவ்வாறு மிஞ்சிய கிருமிகளால் உலகில் 2019-இல் மட்டும் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

மருந்துக்கு அடங்காத நோய்க்கு விலையுயர்ந்த மருந்தும் நெடுநாள் சிகிச்சையும் தேவைப்படும். கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவோர்க்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசமே. எனினும், படுத்திருப்பவரும் துணையிருப்பவரும் இழக்கும் கூலியை யார் ஈடுசெய்வர்? விதைப்புக் காலமாயின், அவ்வாண்டு விளைச்சலும் அன்றோ குன்றும்?

இவ்வபாயத்தைத் தடுக்கும் வழிகளை மருத்துவச் சங்கங்கள் 2012-இல் சென்னைப் பிரகடனமாக வெளியிட்டன. ஆகவே, மருத்துவர்கள் இயன்றவிடத்துக் கிருமியைச் சோதித்தறிந்து மருந்து எழுதுதல் வேண்டும். நாமும், "ஊசி போட்டால்தான் ஆயிற்று" என்று அவரை வற்புறுத்தாது, எழுதித் தந்த மருந்தை அவர் சொன்னபடி உண்ணுதல் வேண்டும். இன்று வீணாக்காத மருந்தே நாளை நம் பிள்ளைகளைக் காக்கும்.