தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

தங்கையை அழவைக்க அண்ணன்மார் கையில் ஒரு பழைய வித்தை உண்டு. "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம், தெரியுமா?" அவ்வளவுதான். அவள் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடுவாள், அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணன் முதுகில் ஒன்று வைப்பாள்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் நிஜமான ஒரு வழக்கம் இருக்கிறது. அடுத்தடுத்துப் பிள்ளைகள் தவறிப்போன வீட்டில் பிறந்த குழந்தையையும், நோஞ்சான் குழந்தையையும் கோயிலில் சாமிக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிள்ளை இனி சாமியுடையது, எமனுக்கு அதன்மேல் பாத்தியதை கிடையாது என்று கணக்கு. பிச்சை, குப்புசாமி என்றெல்லாம் பெயர் வைத்ததும் இதே கணக்கில்தான். ஆக, தத்து என்பது நம் நம்பிக்கைக்கு அந்நியமான சொல் அல்ல. சொந்தப் பிள்ளையையே ஒருமுறை தத்துக் கொடுத்து வாங்கிய ஊர் இது.

ஆனால் நிஜமாகவே தத்தெடுத்த பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த வித்தை விளையாட்டாக முடியாது. விடுமுறைக்கு வந்த பெரியம்மா மகன் தெரிந்தோ தெரியாமலோ சொல்லிவிடுவான். அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்யும் என்பது, அதுவரை வீட்டில் அதற்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எப்போது சொல்வது என்று கேட்காத தத்துப் பெற்றோர் இல்லை. நாள் பார்த்துச் சொல்லும் விஷயமே அல்ல இது. 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் தத்துப்பிள்ளை அமுதாவுக்கு ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மை சொல்லப்படுகிறது. அதன் பிறகு அந்தச் சிறுமி படும் பாடுதான் படம் முழுக்க. ஒன்பது வருடம் ஒரு கதை, பத்தாவது வருடம் வேறு கதை என்றால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். "எனக்கு எப்பச் சொன்னாங்கன்னே ஞாபகம் இல்லை, எப்பவுமே தெரியும்" என்று பிள்ளை பின்னாளில் சொல்ல வேண்டும். அதற்குக் கைக்குழந்தையிலிருந்தே தூங்கவைக்கும் கதையாகச் சொல்லிவர வேண்டும். 'உன்னைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு ஒரே மழை, அப்பா பதற்றத்துல செருப்பை மாத்திப் போட்டுட்டு வந்துட்டார், ஆயா உன்னைக் கையில குடுத்ததும் நீ என் தாலிச் சரடைப் பிடிச்சு இழுத்தே.' இப்படி நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். சில வீடுகளில் பிள்ளை வீட்டுக்கு வந்த நாளன்று கேசரி கிண்டி, விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். அந்தத் தேதி பிறந்தநாளைப் போலவே பிள்ளைக்குப் பழகிவிடுகிறது.

இங்கே சாமியை இழுப்பதில்தான் கவனம் வேண்டும். "சாமி உன்னை நம்ம வாசல்ல வச்சுட்டுப் போச்சு" என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். மூன்று வயதில் பிள்ளை அதை ஏற்றுக்கொள்ளும். எட்டு வயதில், "அப்போ என்னைப் பெத்தது யாரு?" என்று கேட்கும். முதலில் சொன்னது பொய் என்றால், சொன்ன அம்மாவின் மேலும் சாமியின் மேலும் ஒரே நேரத்தில் சந்தேகம் வரும்.

உண்மையைச் சொல்லவும் வழி இருக்கிறது. பெற்றவர்கள் ஒப்படைக்கும் குழந்தை என்றால், அவர்கள் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து கையெழுத்திடுகிறார்கள். மனம் மாறித் திரும்ப வாங்கிக்கொள்ள இரண்டு மாதம் அவகாசமும் சட்டத்தில் இருக்கிறது. எனவே 'தூக்கி எறிஞ்சுட்டாங்க' என்ற சொல் பல பிள்ளைகளின் விஷயத்தில் பொய். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் தொட்டிலில் இட்டுப்போன தாய்கூட, குழந்தை பிழைக்கட்டும் என்றுதான் அங்கே இட்டுப்போனாள். யார், என்ன என்று தெரியாத இடத்தில் "எங்களுக்கும் தெரியலைம்மா" என்பதே நேர்மையான பதில். 18 வயது முடிந்தபின் பிள்ளை தானே தன் வேரைத் தேடி விண்ணப்பிக்கலாம். பெற்றவர் தம் அடையாளத்தை மறைக்கச் சொல்லியிருந்தால் அவர் சம்மதம் வேண்டும்.

புராணக் கதைகளும் கைகொடுக்கும், வயது பார்த்துச் சொன்னால். சின்னப் பிள்ளைக்கு ஆண்டாள் கதை. ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசிச் செடியடியில் கிடந்த குழந்தையைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார். பெருமாளுக்கே பெண் கொடுத்த மாமனார் ஆனார். ஆடிப்பூரத்தன்று அந்த ஊரில் தேர் இழுக்கும் கூட்டத்தில், இவள் யார் பெற்ற பிள்ளை என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கர்ணன் கதை. ஆற்றில் விடப்பட்டவன், தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன். பெற்றவள் போருக்கு முன்னால் வந்து உண்மை சொன்ன பிறகும், வளர்த்த ராதையின் மகன் என்ற பெயரை அவன் விடவில்லை. காலம் கடந்து சொன்ன உண்மை என்ன செய்யும் என்பதற்கும் அதுவே பாடம். ஆனால் அதைச் சோற்றுக்கு நடுவில் உபதேசமாகச் சொல்லிவிடாதீர்கள், பிள்ளை எழுந்து போய்விடும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியர்களுக்கு மட்டும். கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி ஆகியோர் நெடுங்காலம் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது; அம்மா அப்பா ஆக முடியாது. 2000-இல் வந்த இளைஞர் நீதிச் சட்டம்தான் எல்லா மதத்தாருக்கும் கதவைத் திறந்தது. இப்போது இருப்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றம் அல்ல, கலெக்டர் தருகிறார். ஆணை வந்த நாளிலிருந்து பிள்ளை எல்லா வகையிலும் உங்கள் பிள்ளை. பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர்தான். பிள்ளை வீட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள், தத்து நிறுவனத்தார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துப் போவார்கள். அது சோதனை அல்ல, காபி கொடுத்து உட்காரவைத்து, தூங்காத இரவுகளைப் பற்றிச் சொல்லி யோசனை கேட்கலாம்.

தூங்காத இரவுகள் வரும். குழந்தைகள் இல்லத்தில் இருபது பிள்ளைகளோடு, விளக்கு வெளிச்சத்திலும் சத்தத்திலும் தூங்கிய பிள்ளைக்கு ஏசி அறையின் அமைதியே பயம். பிஸ்கட்டைத் தலையணைக்குள் ஒளித்துவைக்கும். பார்க்கும் பெண்களையெல்லாம் அம்மா என்று கூப்பிடும், கேட்கும் நமக்கு வயிறு கலங்கும். இல்லத்தில் அது கட்டியிருந்த துணியை உடனே துவைக்காதீர்கள், அந்த வாசனைதான் அதற்குத் தெரிந்த உலகம். முதல் சில வாரம் சொந்தபந்தம் திரண்டு வந்து தூக்கிக் கொஞ்சுவதைத் தள்ளிப்போடுங்கள். சோறூட்டுவதும் குளிப்பாட்டுவதும் அம்மா அப்பா கையாலேயே நடக்கட்டும். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது அவரவர் சாமர்த்தியம்.

பிள்ளை கும்பிடும் பழக்கத்தோடும் வரும். இல்லத்தில் கற்ற ஜெபத்தைச் சொல்லி, சிலுவை போட்டுக்கொண்டுதான் இட்லியைத் தொடும் பிள்ளை ஒரு முருக பக்தர் வீட்டுக்கு வரலாம். திருநீறு கேட்கும் பிள்ளை கோயில் பக்கமே போகாத வீட்டுக்கும் போகலாம். பதறி அந்தக் கையைத் தட்டிவிடக் கூடாது. வீட்டு வழக்கம் பழகப் பழக அது தானாக மாறும், மாறாவிட்டாலும் குடி முழுகிப்போகாது. பெயரும் அப்படியே. கைக்குழந்தைக்கு நீங்கள் விரும்பிய பெயரை வையுங்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் நான்கு வயதுப் பிள்ளையின் பெயரை நியூமராலஜி பார்த்து மாற்றுவது எனக்குச் சம்மதமில்லை. வரும்போது அது கொண்டுவந்த ஒரே சொத்து அந்தப் பெயர். குலதெய்வத்தின் பெயரைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பார். பெயருக்குப் பின் அம்மா திகைத்து நிற்பாள். கண்டெடுத்த குழந்தையின் பிறந்த தேதியே மருத்துவர் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்னதுதான், நட்சத்திரத்துக்கு எங்கே போவது? வழி பழசுதான். பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு நாம நட்சத்திரம் சொல்வார்கள். கோத்திரம் தத்தெடுத்த அப்பாவுடையது. இதுவும் வேண்டாம் என்றால் "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்லலாம், அர்ச்சகர் மறுபேச்சுப் பேசமாட்டார். தத்த ஹோமம் செய்தால்தான் செல்லுமா என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டமே அது கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. மன நிறைவுக்குச் செய்துகொள்ளத் தடையில்லை.

ஹோமத்தைவிடப் பெரிய சடங்கு காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து மடி கொடுத்துவிட்டால், ஊர் வாயை அடைக்க வேறு ஒன்றும் வேண்டாம். கலெக்டர் ஆணை பிள்ளையை அம்மா அப்பாவுக்குக் கொடுக்கிறது, பங்காளிக்கும் சம்பந்திக்கும் கொடுப்பது அந்த மடிதான். மாமன் ஏதோ சாக்குச் சொல்லி வராமல் போன வீடுகளும் உண்டு. அங்கே ஒன்றுவிட்ட மாமனோ, அப்பாவின் நண்பரோ மடி கொடுத்திருக்கிறார்கள். காது எங்கேயும் ஒரே மாதிரிதான் வலிக்கிறது.

கிறிஸ்தவ வீடுகளில் அந்த இடம் ஞானஸ்நானத்துக்கு. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, நாட்டுச் சட்டம் ஏற்ற தத்துப்பிள்ளை பெற்ற பிள்ளைக்குச் சமம், ஞானஸ்நானப் பதிவேட்டில் தத்தெடுத்தவர்களின் பெயரை எழுதலாம். கண்டெடுத்த குழந்தைக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆகியிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும், உறுதிப்படாவிட்டால் கொடுக்க வேண்டும். சீர்திருத்தச் சபை வீடுகளில் பவுலின் நிருபங்களில் வரும் 'புத்திர சுவிகாரம்' என்ற சொல் பழக்கமானது. விசுவாசிகள் எல்லாரும் தேவனுக்குத் தத்துப்பிள்ளைகள் என்பது அதன் பொருள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரசங்கமாகக் கேட்டுத் தலையாட்டியவர், திங்கட்கிழமை "சொந்தப் பிள்ளை ஒண்ணாவது வேணாமா?" என்று கேட்பதும் நடக்கத்தான் செய்கிறது.

இஸ்லாமிய வீடுகளில் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. யத்தீம், அதாவது தந்தையற்ற பிள்ளையைப் பொறுப்பேற்பது பெரும் நன்மை. நபிகள் நாயகமே பாட்டனார், பெரிய தந்தை பொறுப்பில் வளர்ந்தவர்கள். ஆனால் வளர்ப்புப் பிள்ளையை அதன் உண்மைத் தந்தையின் பெயரால் அழைக்கும்படி குர்ஆனின் அஹ்ஸாப் அத்தியாயம் சொல்கிறது. பிள்ளையின் வேரை அழிக்கக் கூடாது என்பது கருத்து. அதனால் பலர் தத்து என்று சொல்லாமல் கஃபாலா என்ற பொறுப்பேற்பாகவே வைத்துக்கொள்கிறார்கள். இளைஞர் நீதிச் சட்டப்படி தத்தெடுப்பதா, தம் மார்க்க முறையில் நிற்பதா என்பது அவரவர் விருப்பம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் சொன்னது. பிள்ளை பருவமடைந்ததும் பர்தா கேள்வி வரும். அதற்குப் பால்குடி உறவு என்ற வழி இருக்கிறது. இரண்டு வயதுக்குள் வளர்ப்புத் தாயே பால் கொடுத்தால் பிள்ளை இருவருக்கும் மஹ்ரம், அதாவது மணமுடிக்கக் கூடாத நெருங்கிய உறவு ஆகிவிடும். முடியாவிட்டால் ஆண் குழந்தைக்குத் தாயின் சகோதரியும், பெண் குழந்தைக்குத் தந்தையின் சகோதரியும் கொடுக்கலாம். ஷாஃபி மத்ஹபில் ஐந்து முறை, ஹனஃபியில் ஒரு முறையே போதும். மார்க்கப்படி வாரிசுப் பங்கு கிடையாது என்பதால் வாழும்போதே ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாகக் கொடுக்கலாம், மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத் என்ற உயிலும் எழுதலாம்.

மதம் எதுவானாலும் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு வாசகம் வந்து நிற்கும்: "எவ்வளவு பெரிய புண்ணியம் பண்ணியிருக்கீங்க!" சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்வார். பக்கத்தில் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளையின் காதில் அது வேறாக விழுகிறது. அன்னதானம், பசுவுக்குக் கீரை, நான் என்று அது தன்னை ஒரு பட்டியலில் வைத்துப் பார்க்கும். பரீட்சையில் மார்க் குறைந்தால், எதிர்த்துப் பேசினால், நன்றி கெட்ட பிள்ளை ஆகிவிடுவோமோ என்று பயப்படும். "புண்ணியமெல்லாம் இல்லைங்க, எங்களுக்குப் பிள்ளை வேணும்னு இருந்துச்சு, கிடைச்சுது" என்று பிள்ளை காதுபடச் சொல்லிவிடுவது நல்லது. 'யார் பெத்த பிள்ளையோ, ரத்தம் எப்படியோ' என்று முணுமுணுப்பவருக்குப் பதில் சொல்லவே வேண்டாம். அப்படிச் சொன்னவர் வீட்டு ரத்தத்தை நாம் அறியாதவர்களா?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படி முணுமுணுத்தது தாத்தாதான். பேத்தி வந்த புதிதில் திண்ணையை விட்டு உள்ளே வராமல் இருந்தார். பிறகு அவருக்குக் கண் மங்கியது. தினமும் அவள்தான் தலைப்புச் செய்தி வாசித்துக் காட்டுவாள். போன வருடம் அவர் போனபோது, பேரப்பிள்ளைகளுக்கு நெய்ப்பந்தம் பிடிக்கக் கொடுத்தார்கள். பந்தம் நீட்டிக்கொண்டுவந்த பங்காளிக் கிழவர் அவளருகே வந்ததும் ஒரு கணம் தயங்கி, பாட்டியைப் பார்த்தார். பாட்டி அழுகையை நிறுத்தி, "என்ன பாக்கறீங்க? மூத்த பேத்தி அவதான், முதல்ல அவ கையில குடுங்க" என்றார்.