ஈறு கெட்டால் பல் நிற்குமா?

“பல் போனால் சொல் போச்சு” என்பார்கள். ஆனால் பல் தானாகப் போவதில்லை. முதலில் ஈறு கெடுகிறது. பிறகுதான் பல் ஆடுகிறது. சொத்தையே இல்லாத நல்ல பல்லைக்கூட ஈறு வியாதி விழச் செய்துவிடும்!

இந்த வியாதிக்குப் ‘பயோரியா’ என்று ஒரு பெயர் உண்டு. மதுரைக்காரர்களுக்கு இது புதிய சொல் அல்ல. மதுரையில் தயாரான கோபால் பல்பொடியின் பெயரோடு சேர்ந்தே இந்தச் சொல் ஊர் ஊராகப் பரவியது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த விளம்பரம் மறந்திருக்காது.

ரத்தம் கசிவது ஏன்?

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மெல்லிய அழுக்குப் படலம் படிகிறது. அதில் கிருமிகள் பெருகுகின்றன. சரியாகத் துலக்காவிட்டால் அது கல்போல இறுகிக் காரையாகிவிடும். ஈறு சிவந்து வீங்கும். பல் விளக்கும்போது ரத்தம் கசியும். இந்த நிலையிலேயே கவனித்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். அசட்டையாக இருந்தால், பல்லைத் தாங்கும் எலும்பே கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளராது.

வேலம்பட்டைக் கஷாயம்

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று முன்னோர் சொன்னது காரணத்தோடுதான். இரண்டிலும் துவர்ப்புச் சத்து அதிகம். அது ஈற்றைச் சுருங்கச் செய்து ரத்தக் கசிவைக் குறைக்கும். ஆலம் விழுதையோ வேலங்குச்சியையோ நுனியில் மென்று நாராக்கித் தேய்த்தால் அழுக்கும் போகும்.

குச்சி கிடைக்காதவர்கள் கஷாயம் வைக்கலாம். ஒரு கைப்பிடி கருவேலம்பட்டையை இடித்து, 2 டம்ளர் தண்ணீரில் போட்டு, 1 டம்ளராக வற்றக் காய்ச்சி வடிகட்ட வேண்டும். இளஞ்சூட்டில் காலையும் இரவும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் திரிபலா சூரணத்தையும் இப்படியே காய்ச்சிக் கொப்பளிக்கலாம். கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றும் சேர்ந்த இந்த நீர் ஈறு வீக்கத்தைக் குறைப்பதாகச் சில ஆராய்ச்சிகளிலும் தெரிந்திருக்கிறது.

மரம் மாறக் கூடாது!

மதுரைச் சீமையில் ‘கருவேல்’ என்றதும் பலர் காட்டுவது சீமைக் கருவேலத்தை! அது வெளிநாட்டு மரம். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது அந்த மரத்தைத்தான். அது பல்லுக்குச் சொன்ன வேல் அல்ல.

நாட்டுக் கருவேலத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். பட்டை கறுத்து வெடித்திருக்கும். பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும். காய், மணி கோத்தாற்போல விதைக்கு விதை இடுக்கி இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூவோ நீண்ட கதிர். காயில் அந்த ஆழமான இடுக்கு கிடையாது.

எவை கூடாது?

செங்கல்பொடி, கரித்தூள், உப்புக்கல் ஆகியவற்றால் அழுத்தித் தேய்த்தால் பல்லின் மேற்பூச்சு தேய்ந்து கூச்சம் வரும். புகையிலைப் பொடியைத் தொடவே கூடாது. பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை அரசாங்கம் 1992-லேயே தடை செய்துவிட்டது. வெற்றிலையோடு போடும் பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்கு வழி வைப்பவை.

டாக்டரிடம் போவது எப்போது?

இறுகிய காரையை எந்தக் கஷாயமும் கரைக்காது. அதைப் பல் டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். “சுத்தம் செய்தால் பல் ஆடும்” என்று பலர் பயப்படுகிறார்கள். அது வீண் பயம். பல்லை ஆட வைப்பது காரைதான். அதை எடுப்பது அல்ல.

இரண்டு வாரம் கொப்பளித்தும் ரத்தம் நிற்காவிட்டாலும், சீழ் வந்தாலும், பல் ஆடினாலும் தாமதிக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்பது கஷ்டம்.

காலையிலும் படுக்கப் போகுமுன்னும் பல் துலக்குவது முதல் வைத்தியம். வேலம்பட்டை அதற்குத் துணை.