ஒத்திகை பார்க்காத பதில்: உளநாடகப் பயிற்சியும் மனநலமும்

போர்க்காலத்தில் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழர்களுக்கு ஒரு பழக்கம் நன்றாகத் தெரியும். சோதனைச் சாவடி வருமுன்பே பதிலை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பார்கள். எங்கிருந்து வந்தாய், யார் வீட்டில் நிற்கிறாய் என்ற கேள்விகளுக்குப் பிசகாத பதில் வேண்டும். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் கையில் இருக்க வேண்டும். 2007 யூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். அந்த முன்னெச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது.

சாவடிகள் போன பின்னும் பழக்கம் பலரிடம் தங்கிவிட்டது. அலுவலகக் கூட்டத்தில் வாய் திறக்க வராது. பிள்ளை அழுதால் "சத்தம் போடாதை" என்பதே முதலில் வரும். அந்தப் பிள்ளையும் ரியூசனில் மனனம் செய்த விடையோடுதான் வளர்கிறது.

மொறேனோ கண்டது

இந்தப் பழக்கத்தைத் தளர்த்த உளநாடகம் உதவலாம்: வாழ்க்கைக் காட்சிகளைக் குழுவில் நடித்துப் பார்க்கும் சிகிச்சை முறை அது. அதை உருவாக்கிய ஜேக்கப் லெவி மொறேனோ 1889இல் புக்கரெஸ்டில் பிறந்து வியன்னாவில் வளர்ந்த மருத்துவர். மாணவராக இருந்தபோது பூங்காவில் விளையாடும் சிறுவர்களுக்குக் கதை சொல்லி, அவர்களையே நடிக்கவும் வைத்தார். 1920களின் தொடக்கத்தில் எழுத்துப் பிரதி இல்லாத அரங்கொன்றை வியன்னாவில் நடத்தினார். பிறகு அமெரிக்கா சென்று, 1936இல் நியூயோர்க் மாநிலத்தின் பீக்கன் நகரில் தமது மனநல மருத்துவமனையைத் தொடங்கினார்; உளநாடகத்துக்கென ஒரு மேடையும் அங்கே எழுந்தது.

இந்த முறையின் அடிப்படையாகத் தன்னியல்பு என்று அவர் சொன்னது மனம்போனபடி நடப்பதை அல்ல. பழைய நிலைமைக்குப் புதிய பதிலும், புதிய நிலைமைக்குப் பொருத்தமான பதிலும் கண்டடையும் ஆற்றலையே அவர் அப்படி அழைத்தார். பதற்றம் கூடினால் இந்த ஆற்றல் குறையும், இது வளர்ந்தால் பதற்றம் தணியும் என்பது அவர் கருத்து. சாவடியில் சொன்ன பதில் அன்றைக்குப் பொருத்தமானதுதான். அதே அளந்த பதிலை இன்று மனைவிக்கும் பிள்ளைக்கும் சொல்லும்போதுதான் வீடு மூச்சுமுட்டுகிறது.

பயிற்சியில் நடப்பது

சிறிய குழு, பயிற்சி பெற்ற ஒரு நெறியாளர், கொஞ்சம் வெற்றிடம் இருந்தால் போதும். முதலில் உடலையும் மனத்தையும் தளர்த்தும் விளையாட்டுகள். பிறகு ஒருவர் தமது வாழ்க்கைக் காட்சி ஒன்றோடு முன்வருவார். காலி வீதியில் கடை வைத்திருக்கும் தகப்பன் மகனைக் கனடாவுக்குப் போகச் சொல்கிறார், மகனுக்கு விருப்பமில்லை என்று வைத்துக்கொள்வோம். மகன் தகப்பனின் கதிரையில் அமர்ந்து தகப்பனாகப் பேசுவான். குழுவில் ஒருவர் அவனாக நின்று அவன் வார்த்தைகளைத் திருப்பிச் சொல்வார். இன்னொருவர் அவன் பின்னால் நின்று, அவன் சொல்லத் தயங்குவதைச் சொல்லிப் பார்ப்பார். தவறானால் அவன் திருத்தலாம். காட்சியை இரண்டாம் முறை வேறு விதமாகவும் நடிக்கலாம்.

முடிவில் பகிர்வு. இங்கே அறிவுரைக்கு இடமில்லை. பார்த்தது தம் வாழ்வில் எதைத் தொட்டது என்பதை மட்டும் சொல்லலாம். எங்கள் சமூகத்துக்கு இதுதான் மிகக் கடினம் என்று நினைக்கிறேன். ஒருவர் துயரம் சொல்லி முடிக்குமுன்பே "அதை மறந்துவிட்டு வேலையைப் பார்" என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

உளநாடக உத்திகள் பற்றிய 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2003ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரையொன்று, இடம் மாறிப் பேசுவதும் பின்னின்று பேசுவதும் அதிகப் பலன் தருவதாகக் கண்டது.

எங்களுக்கு இது அந்நியமல்ல

குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' நாடகம் 1985இல் யாழ்ப்பாணத்து மக்களின் துயரை மேடைக்குக் கொண்டுவந்தது. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' போர் தந்த உளப் பாதிப்பைப் பேசியது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அந்தக் காயங்களைப் பற்றித் தமிழிலேயே 'மனவடு' என்ற நூலை எழுதினார். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போர் கண்ட சிறுவர்களை விளையாட்டும் கதையும் கொண்டு மீட்க முயன்றது. இவை மொறேனோவின் உளநாடகம் அல்ல. ஆனால் அரங்கு ஆற்றும் என்பதை எங்கள் மண்ணிலேயே காட்டியவை. 1942இல் உருவான கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற இடங்கள், பேச்சுப்போட்டிகளோடு இத்தகைய பயிற்சிக்கும் கதவு திறக்க வேண்டும்.

கவனம் தேவைப்படுவோர்

தற்கொலை எண்ணம், மாயக் குரல் கேட்டல், அண்மைய பேரிழப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயக் குண்டுவெடிப்பில் உயிர் தப்பியவர்களை, அந்தக் காட்சியை நடித்துக் காட்டும்படி யாரும் வற்புறுத்தவே கூடாது. சேருமுன் நெறியாளரிடம் கேளுங்கள்: எங்கே பயின்றீர்கள், இடையில் வேண்டாம் என்று சொல்லலாமா, சொன்னது வெளியே போகாதா, மறுநாள் மனம் கலங்கினால் யாரை அழைப்பது? ஒரே ஒழுங்கையில் எல்லோரும் எல்லோரையும் அறிந்த வெள்ளவத்தையில் மூன்றாவது கேள்வி மிக முக்கியம். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் சேராதீர்கள். உடனடி உதவிக்கு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.