குழந்தை ஆயத்தமாகிவிட்டதா?

வெளி மாநிலங்களில் குடும்பம் நடத்தும் தாய்மார் பலருக்கு, குழந்தையை மலஜலம் கழிக்கப் பழக்குவது எப்போது என்று சொல்லப் பாட்டிமார் அருகில் இரார். வயதைக் காட்டிலும் குழந்தை காட்டும் குறிப்புகளே நம்பத்தக்கவை. பெரும்பாலும் 18 மாதங்களுக்கும் 3 வயதிற்கும் இடையே அவை தோன்றும். 2 மணி நேரம் துணி நனையாதிருத்தல், தானே நடந்து சென்று அமர்தல், எளிய சொற்களைப் புரிந்துகொள்ளல், நனைந்த துணியை வெறுத்தல் ஆகியவற்றைக் கண்டால் தொடங்கலாம். வீட்டில் தமிழும் ஆயாவிடம் ஊர்மொழியும் கேட்கும் குழந்தைக்கு, இதற்கென ஒரே சொல்லை இருவரும் வழங்குதல் நலம். வீடு மாறும் சமயத்திலும், தம்பியோ தங்கையோ பிறந்த சமயத்திலும் தொடங்காதிருத்தல் நன்று. அதட்டினால் குழந்தை மலத்தை அடக்கும், மலம் இறுகும், வலிக்கு அஞ்சி மேலும் அடக்கும். பகலில் பழகிய பின்னும், 5 வயது வரை இரவில் படுக்கை நனைதல் இயல்பே. விரிப்பை மாற்றுங்கள், குழந்தையைக் கடியாதீர்கள்.