கடல் வரை 263 மீட்டர்

கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து திரும்பிய ஒருவர், கரையில் இறங்கியதும் "என்னைக் கடலுக்கு அழைத்துப் போ" என்று கேட்டால் நமக்கு வியப்பாகத்தான் இருக்கும். என் தாய்மாமா அப்படித்தான் கேட்டார்.

மாமாவுக்கு வயது 74. பிறந்து வளர்ந்தது காயல்பட்டினம். சில ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தால் அவருடைய இடக்கையும் இடக்காலும் பாதி செயலிழந்துவிட்டன. வீட்டுக்குள் நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பார்; வாசலைத் தாண்டினால் சக்கர நாற்காலிதான். 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் பயணங்கள் தொடங்கியதை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். வளைகுடாவில் பணிபுரியும் அவருடைய மகன், "வாப்பாவுக்குக் கடலென்றால் உயிர்" என்று சொல்லி, மறு ஆண்டில் பெற்றோர் இருவருக்கும் அத்தகைய கப்பல் ஒன்றில் இடம் பிடித்துக் கொடுத்திருந்தார்.

கப்பலில் அவர்களுக்குக் குறையேதும் இல்லை. மின்தூக்கி இருந்தது, நாற்காலி செல்லும் அளவுக்கு நடைவழிகளும் இருந்தன. ஆனால் கடலோ மேல்தளத்தின் கம்பிகளுக்கு அப்பால், பல மாடி ஆழத்தில், நீலத் துணியை விரித்தாற்போல் கிடந்ததாம். "கடலுக்கு மேலதான் போனேன் மருமவனே, கடலுக்குப் போகல. ஒரு தரம் காலை நனைச்சாப் போதும்" என்றார். இரவு ரயிலுக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது.

சென்னைக் கடற்கரையைச் சாலையிலிருந்தே பார்த்துவிடலாம். பார்ப்பதும் போய்ச் சேர்வதும் ஒன்றல்ல என்பதைக் கால் தளர்ந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்றவர்களே அறிவார்கள். காமராசர் சாலைக்கும் அலைக்கும் இடையில் கிடக்கும் மணல், சில இடங்களில் 400 மீட்டருக்கும் அதிக அகலமுடையது. இந்த அகலம் ஆதியிலிருந்து இருந்ததன்று. மாமா எந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினாரோ அந்தத் துறைமுகமே இதற்குக் காரணம்.

சோழமண்டலக் கரையோரமாக அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. 1876ஆம் ஆண்டில் சென்னையில் செயற்கைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881ஆம் ஆண்டின் புயல் அதைச் சிதைத்த பிறகும் விடாமல் மீண்டும் கட்டினார்கள். வடக்கே செல்ல வேண்டிய மணல் அந்தச் சுவரால் தடுக்கப்பட்டுத் தென்புறத்தில் குவியலாயிற்று. முன்பு சாலைக்கு அருகில் இருந்த கடல் ஆண்டுக்கு ஆண்டு பின்வாங்கியது. அன்றைய ஆளுநர் கிராண்ட் டஃப் 1884ஆம் ஆண்டளவில் உலாவும் சாலை அமைத்து 'மெரினா' என்று பெயரிட்டது இந்தக் கரைக்குத்தான். துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் பக்கத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே மணல் வந்து சேராமல் கடல் கரையை அரித்தது. பாறைகளைக் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. ஆக, வடக்கே கடல் பக்கத்தில் இருக்கிறது, இறங்க வழியில்லை. தெற்கே இறங்கலாம், கடல் பக்கத்தில் இல்லை!

திடகாத்திரமானவர்களுக்கு இந்த மணல் ஓர் இன்பம். குழந்தைகள் ஓடுவார்கள், பெரியவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். சக்கர நாற்காலிக்கோ பத்தடிகூடக் கடினம். நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை, மெலிந்தவை. உட்கார்ந்திருப்பவரின் பாரத்தில் அவை உழவு கொழுவைப்போல் மணலுக்குள் புதைந்துவிடும். முன்பெல்லாம் இத்தகையோரைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போவார்கள். வளர்ந்த மனிதர் ஒருவர், நாலுபேர் பார்க்கத் தம்மைத் தூக்கிச் செல்ல எத்தனை முறை சம்மதிப்பார்? "வேண்டாம், நான் இங்கேயே காரில் இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். நம் வீடுகளில் இந்தச் சொல்லைக் கேட்காதவர் யார்?

இந்த நிலையில்தான் 2022 நவம்பர் 27ஆம் நாள் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ப்புறம், 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்டு, 1 கோடியே 14 லட்ச ரூபாய்ச் செலவில் மாநகராட்சி அமைத்தது அது. அதற்கு முன்னர் ஆண்டில் சில நாட்கள் மட்டும், டிசம்பர் 3ஆம் நாள் மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டித் தற்காலிகப் பாதை போடுவார்கள். அந்நாட்களில் வாழ்வில் முதன்முறையாக அலையைத் தொட்டுக் கண்ணீர் விட்டவர்கள் உண்டு. ஆண்டு முழுவதும் பாதை வேண்டும் என்று அவர்கள் இடைவிடாது கேட்டுக் கேட்டுப் பெற்றதே இது. எவரும் தாமாக முன்வந்து அளித்த அன்பளிப்பு அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கல்வி, வேலை ஆகியவற்றோடு பொழுதுபோக்கையும் அவர்களுடைய உரிமையாகவே கூறுகிறது.

திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள், டிசம்பர் 9ஆம் நாள் இரவில் கரையைக் கடந்த மாண்டஸ் புயல் அந்தப் பாதையின் கடலோரப் பகுதியைப் பெயர்த்துவிட்டது. "மணலில் பணத்தைக் கொட்டினார்கள்" என்று பலர் எள்ளி நகையாடினார்கள். புயலில் சாலை பெயர்ந்தால் இனிச் சாலையே வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை; இப்பாதைக்கு மட்டும் ஏன் அந்தப் பேச்சு என்று நான் அப்போதே நினைத்தேன். பின்னர் அது பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

எங்கள் பயணத்துக்கு வருகிறேன். துறைமுகத்திலிருந்து இந்த இடம் ஏறத்தாழ ஐந்தாறு கிலோமீட்டர். முதல் தடை வாடகைக் காரில் வந்தது. எரிவாயுவில் ஓடும் கார்களில் பின்பெட்டியை உருளை அடைத்துக்கொள்கிறது. மடித்த நாற்காலிக்கு இடமில்லை. கூரையில் சாமான் கம்பி உள்ள காரைத் தேடிப் பிடித்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு போனோம். இத்தகைய பயணம் மேற்கொள்வோர் காரை அழைக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வெயில் தணியட்டும் என்று வீட்டில் இளைப்பாறி, அஸர் தொழுதுவிட்டு நான்கு மணிக்கு மேல் கடற்கரையை அடைந்தோம். மாமா, மாமி, நான், கல்லூரியில் படிக்கும் என் மூத்த மகன். "ஊன்றுகோலைப் பிடித்து நானே நடக்கிறேன்" என்று மாமா பிடிவாதம் செய்தார். நான் கணக்குச் சொன்னேன்: போவதற்கு 263 மீட்டர், வருவதற்கு அதே அளவு, ஆக அரைக் கிலோமீட்டருக்கும் மேல். வீட்டுக் கூடத்தில் இருபதடி நடந்தால் மூச்சு வாங்குபவர் அவர். பாதையின் இருபுறமும் கைப்பிடி உண்டென்றாலும், தளர்ந்தவர்கள் நாற்காலியை உடன் கொண்டு செல்வதே நலம். நடக்க விரும்பினால் இடையில் சிறிது தூரம் நடக்கலாம். மாமா அப்படியே நடுவில் ஒரு முப்பதடி நடந்தார்.

பலகைமீது சக்கரம் வழுக்கிக்கொண்டு சென்றது. தடையாக நின்றது மணலன்று, மனிதர்களே. இளைஞர்கள் கைப்பிடியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் பாதையிலேயே அமர்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தது. வழி கேட்டால் விலகினார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆயினும் பத்தடிக்கு ஒருமுறை வழி கேட்டுக்கொண்டு போக மாமாவுக்குக் கூச்சமாக இருந்தது. சுண்டல் விற்கும் சிறுவன் ஒருவன் இதைக் கவனித்தான் போலும். வாளியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்து, "தாத்தா வர்றாரு, வழி விடுங்க" என்று கூவிக்கொண்டே கடைசி வரை வந்தான். வியாபாரமும் ஆயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நான்கு பொட்டலம் வாங்கினோம்.

பலகைப் பாதை அலைக்குள் இறங்குவதில்லை. அதற்குச் சற்று முன்னரே நின்றுவிடுகிறது. எஞ்சிய சில அடிகள்தாம் உண்மையில் கடினமானவை. அங்கே நாற்காலியை முன்னோக்கித் தள்ளுதல் கூடாது. திருப்பிப் பின்புறமாக இழுத்துச் செல்ல வேண்டும். அப்போது பாரம் பெரிய சக்கரங்களில் விழும், சிறிய சக்கரங்கள் புதையா. நானும் மகனும் அவ்வாறே இழுத்தோம். மாமாவோ, "என்னடா இது, கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா போறது?" என்று கோபித்துக்கொண்டார். உண்மைதான். அவர் கண்முன் நகரமும் சாலையும் கட்டடங்களும்! ஈர மணலை அடைந்ததும் திருப்பினோம். ஈர மணல் இறுகியிருக்கும். அங்கே நாற்காலி நிற்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அலை திரும்பும்போது சக்கரத்தின் அடியிலுள்ள மணலையும் வாரிக்கொண்டு போகிறது. நாற்காலி ஒருபுறம் சாயும். சக்கரப் பூட்டு அதற்கு உதவாது. பின்னால் இருவர் பிடியை விடாமல் நிற்க வேண்டும். மெரினாவின் நீரோட்டம் ஆபத்தானது; அங்கே குளிப்பதற்கே தடை உண்டு. ஆகவே கணுக்கால் நனையும் அளவோடு நிறுத்திக்கொண்டோம்.

முதல் அலை பாதங்களை நனைத்தது. மாமா குனிந்து வலக்கையால் நீரை அள்ளி முகத்தில் தடவிக்கொண்டார். பிறகு, "இந்தக் கையையும் நனைச்சு விடு" என்று இடக்கையைக் காட்டினார். நான் அதை எடுத்து அலையில் நனைத்தேன். "குளிர்ச்சி தெரிகிறதா மாமா?" என்றேன். சிறிது நேரம் பதில் இல்லை. "தெரியுதுன்னே வச்சுக்கோ" என்றார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவும் பெரிய உல்லாசக் கப்பல் துறைமுகம். அங்குள்ள நோவா இக்காரியா கடற்கரையில் கோடைக்காலத்தில் மிதக்கும் நாற்காலிகளும், அவற்றில் அமர்த்திக் கடலுக்குள் கொண்டு சென்று குளிப்பாட்டித் திரும்ப அழைத்து வரும் உதவியாளர்களும் உண்டு. கிரேக்க நாட்டுக் கடற்கரைகள் பலவற்றில், சூரிய ஒளி மின்சாரத்தால் இயங்கும் இருக்கை ஒன்று தண்டவாளத்தின் மீது நீருக்குள் இறங்குகிறது. அமர்ந்திருப்பவரே பொத்தானை அழுத்தி அதை இயக்கலாம், எவரையும் கேட்க வேண்டுவதில்லை. அகன்ற காற்றுச் சக்கரங்கள் பொருத்திய மணல் நாற்காலிகள் உலகில் பல இடங்களில் உண்டு. பலகை முடியும் இடத்துக்கும் அலைக்கும் நடுவிலுள்ள அந்தச் சில அடிகளுக்கு இவையெல்லாம் விடை. பாதையைக் கேட்டுப் பெற்றவர்கள் இவற்றையும் கேட்கலாம்.

நாங்கள் ஆறு மணிக்குத் திரும்பினோம். உப்பு நீர் பட்ட சக்கரத்தை அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் இட வேண்டும். இல்லையேல் ஒரு வாரத்தில் துருவேறிக் கிறீச்சிடும். எழும்பூர் ரயில் நிலையத்தில் மகன் குழாயடிக்கு நாற்காலியைத் தள்ளிச் சென்று கழுவினான். மாமாவின் கால்களிலும் மணல் ஒட்டியிருந்தது. கழுவுவதற்காக நான் தண்ணீர் கொண்டு வந்தேன். "அது இருக்கட்டும், ஊர் போய்க் கழுவிக்கிறேன்" என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.