ஸ்டெப்னியில காத்து இருக்கா பாஸ்?

போடிநாயக்கனூர்ல இருந்து போடிமெட்டு ஏறுவதற்குள் மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிந்தும் விடியாமலும் ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசைகட்டிப் பறக்கும். அப்படி ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனபோது, பாதி மலையில் 'டமார்'... டயர் பஞ்சர்! 'அதான் பின்னாடி ஸ்டெப்னி தொங்குதே' என்று கூலாக இறங்கி நின்றோம். டிரைவர் அண்ணன் அதை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துவிட்டார்.

"ஸ்டெப்னி இருக்கு தம்பி... அதுல காத்துதான் இல்ல!"

சிரிக்காதீங்க மக்களே. எங்க லேப் சர்வருக்கு அந்தக் காத்தில்லாத ஸ்டெப்னிகூட இல்லாமல் ஒருநாள் நாங்க நடுரோட்டில் நின்றோம்.

பூட்டைத் தொலைத்த கதை

எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு லினக்ஸ் சர்வர். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எல்லாம் அதில்தான் ஓடும். சீனியர் அண்ணன் ஒருத்தர் ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்து அதைச் செதுக்கி வைத்திருந்தார். எந்த போர்ட் திறந்திருக்கணும், யார் யார் உள்ளே வரலாம், யாருக்கு அட்மின் பவர், தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிப்பவனை எப்படி விரட்டணும்... எல்லாம் பக்கா! ரிவ்யூவுக்கு நாலு நாள் முன்னாடி ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டது.

ப்ராஜெக்ட் கோட் எல்லாம் பத்திரம். ஆளாளுக்கு பென் டிரைவிலும் கிட்ஹப்பிலும் வைத்திருந்தோம். ஆனால் செட்டிங்ஸ்? ஒருத்தரிடமும் இல்லை. வேலைக்குப் போய்விட்ட சீனியருக்கு போன் போட்டால், "எனக்கே ஞாபகம் இல்லடா தம்பி" என்கிறார். ராத்திரி கண் முழித்துப் புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றினோம். ஃபயர்வாலை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டோம். காலையில் லாக் ஃபைலைத் திறந்தால் குப்பென்று வேர்த்தது. முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்திருக்கிறார்கள்! நல்லவேளை, யாரும் உள்ளே வரவில்லை.

சரக்கைப் பத்திரப்படுத்தினோம். பூட்டைப் பத்திரப்படுத்த மறந்தோம். மேட்டர் அவ்வளவுதான்!

ஏலத்துக்கும் பூட்டு உண்டு

இது ஏதோ லேப் சமாச்சாரம் என்று நினைக்காதீங்க. போடியில் ஏலக்காய் விற்பனை 2007-ல் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்கு மாறியது. 2021-ல் போடியில் இருக்கும் வியாபாரியும் இடுக்கி மாவட்டம் புற்றடியில் இருக்கும் வியாபாரியும் ஒரே நேரத்தில் விலை கேட்கும் கிளவுட் முறை வந்தது. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போன சரக்கு இது! இந்த மாதிரி எந்த ஆன்லைன் சிஸ்டத்திலும், யார் விலை கேட்கலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது சில குட்டி செட்டிங்ஸ்தான். சைஸில் கடுகு. காணாமல் போனால் கலாட்டா.

எவ்வளவு பெரிய கலாட்டா? வாங்க, ஆப்பிரிக்கா வரை ஒரு ரவுண்டு போய்வரலாம்.

கானாவில் கரண்ட் கட்

2017 ஜூன் 27. டென்மார்க்கின் பிரம்மாண்ட கப்பல் கம்பெனி மெர்ஸ்க் 'நாட்பெட்யா' வைரஸிடம் சிக்கியது. நம்ம மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்த குரூப் நடத்திய டெர்மினலும் முடங்கியது. மற்ற பல சர்வர்களுக்கு பேக்கப் இருந்தது. ஆனால் ஊழியர்களில் யார் உள்ளே வரலாம், எதைத் தொடலாம் என்று முடிவு செய்யும் 'டொமைன் கன்ட்ரோலர்' சர்வர்களுக்கு இல்லை!

ஏன்? அந்த மாதிரி மெஷின்கள் உலகம் முழுக்கச் சுமார் 150 இருந்தன. ஒன்றையொன்று பார்த்துக் காப்பி அடித்துக்கொண்டே இருக்கும். 'ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கே' என்ற நம்பிக்கை. எல்லாமே ஒரே நேரத்தில் அடிவாங்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

தப்பியது ஒன்றே ஒன்று. கானா நாட்டு ஆபீஸில் இருந்த மெஷின். காரணம், கரண்ட் கட்! வைரஸ் வந்த நேரத்தில் அது நெட்வொர்க்கிலேயே இல்லை. அதிலிருந்த டேட்டாவை லண்டன் பக்கம் அனுப்ப நெட் வேகம் போதவில்லை. கானா ஊழியர்களுக்கு பிரிட்டன் விசா இல்லை. கடைசியில் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கோடு நைஜீரியா ஏர்போர்ட்டுக்குப் பறந்து இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் லண்டனுக்குக் கொண்டு போனார். செம ரிலே ரேஸ்! அதன்பிறகு பத்தே நாளில் 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்களைப் புதிதாக நிறுவியதாக 2018-ல் கம்பெனித் தலைவரே சொன்னார்.

பாடம் என்ன? காப்பி வேறு, பேக்கப் வேறு. காப்பி அடிக்கும் மெஷின், தப்பையும் சேர்த்தே காப்பி அடிக்கும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களைத் தாக்கிச் சுமார் 1.3 டெராபைட் டேட்டாவைப் பூட்டினார்கள். அங்கே நோயாளிகளின் விவரத்தை மீட்டுக் கொடுத்தது, அடிபடாமல் தனியே இருந்த ஒரு பேக்கப் சர்வர்.

நாமளும் செய்யலாம்!

சீனியர் ஞாபகசக்தியை நம்பாமல், கரண்ட் கட்டையும் நம்பாமல், மெஷினையே தினமும் செய்யவைப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரு மாலை நேரம் போதும்.

1. எதை எடுக்கணும்? லினக்ஸில் முக்கால்வாசி செட்டிங்ஸ் 'ஈடிசி' ஃபோல்டரில் இருக்கும். ஆனா உஷார்! 'ஐபி டேபிள்ஸ்' ஃபயர்வால் விதிகள் மெமரியில்தான் ஓடும். சேமிக்காமல் ரீபூட் செய்தால் போயே போச்சு! முதலில் அவற்றை ஒரு ஃபைலில் இறக்குங்கள்.

2. எப்படிக் கட்டணும்? 'டார்' கமாண்டில், தேதி போட்ட பெயரில் ஒரே மூட்டை. ஃபைலின் ஓனர், பெர்மிஷன் மாறாமல் இருக்க அட்மின் அக்கவுன்ட்டில் ஓட்டுங்கள். பெர்மிஷன் குளறுபடியானால் 'சூடோ'வே வேலை செய்ய மறுத்துவிடும்.

3. எப்போ ஓடணும்? 'க்ரான்' இருக்க பயமேன்? '0 2 * * *' என்று போட்டால் தினமும் ராத்திரி 2 மணிக்கு ஸ்கிரிப்ட் தானாக ஓடும். ராத்திரி லேப்பை ஆஃப் செய்து பூட்டுவீங்களா? அப்போ 'அனாக்ரான்' போடுங்கள். விட்டுப்போன வேலையை மெஷின் ஆன் ஆனதும் முடித்துவிடும்.

4. எங்கே வைக்கணும்? அதே டிஸ்க்கில் வைத்தால் வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதை. வேறொரு மெஷின் வந்து எடுத்துப்போகிற மாதிரி அமையுங்கள். சர்வரில் புகுந்தவன் பேக்கப்பை அழிக்க முடியாது. மூட்டைக்குள் பிரைவேட் கீ, பாஸ்வேர்டு ஹேஷ் எல்லாம் இருப்பதால் 'ஜிபிஜி'யில் பூட்டுவது கட்டாயம். பப்ளிக் கிட்ஹப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீங்க!

5. காத்து இருக்கா? மாசம் ஒருமுறை வர்ச்சுவல் மெஷினில் பிரித்துப் போட்டு, லாகின் ஆகிறதா, மூட வேண்டிய போர்ட் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பிரித்துப் பார்க்காத பேக்கப், அமுக்கிப் பார்க்காத ஸ்டெப்னி.

எங்க லேப்பில் இப்போது தினமும் ஒரு குட்டி மூட்டை பக்கத்துப் பில்டிங் மெஷினுக்குப் போகிறது. மாசத்தின் முதல் சனிக்கிழமை ஜூனியர் ஒருத்தர் அதைப் பிரித்துப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடணும். நான் வேலைக்குப் போனபிறகு எனக்கு யாரும் போன் போட வேண்டியிருக்காது.

அந்த ஜீப் என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? பத்து நிமிஷத்தில் பின்னாடி வந்த இன்னொரு ஜீப்காரர் தன் ஸ்டெப்னியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். மலைப் பாதையில் அப்படி ஒரு பழக்கம்.

சர்வருக்குப் பின்னாடி எந்த ஜீப்பும் வராது பாஸ்!